பதினாலாம் ரீல்

அந்தத் தியேட்டரில் ஒன்பது வருஷமாக எந்தத் துப்பறியும் படத்திலும் கொலைகாரன் பிடிபடவில்லை. கடைசிக் காட்சியில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, "கொலையாளி வேறு யாருமில்லை" என்று கையை நீட்டுகிற துப்பறிவாளர், அந்த அறையில் இருக்கிற ஒருத்தரையும் காட்டாமல், நேராகப் பால்கனி முதல் வரிசை ஏழாம் நம்பர் நாற்காலியைக் காட்டுவார். உடனே 'முற்றும்' விழும், விளக்கு எரியும். கறுப்பு வெள்ளைப் படத்துத் தொப்பிக்காரரும் அங்கேதான் காட்டினார். கலர் படத்தில் கூலிங்கிளாஸோடு மோட்டார் சைக்கிளில் வந்தவரும், பெண்டாட்டி விட்டுப்போய்த் தூக்க மாத்திரை போடுகிற இந்தக் காலத்துத் துப்பறிவாளரும் அங்கேதான் காட்டினார்கள். படத்தில் நிஜமாகக் கொன்றது யாரென்று தெரிந்தே ஆக வேண்டியவர்கள் பக்கத்து ஊர்த் தியேட்டருக்குப் போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஏழாம் நம்பர் தியேட்டர் முதலாளியுடையது. முதல் வருஷம் அவர் இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார், விரலும் மாறியது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்தார். விரல் ஆபீஸ் சுவரைக் காட்டியது. குடும்பப் படங்களாகப் போட்டார். ஈ காக்கை வரவில்லை, ஏனென்றால் ஜனங்கள் இப்போது விரலைப் பார்க்கத்தான் வந்தார்கள். அப்புறம் அவருக்கும் பழகிவிட்டது. பழைய இடத்திலேயே உட்கார்ந்து, விரல் நீண்டதும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கையை ஆட்டிச் சிரிப்பார். கீழே விசில் பறக்கும்.

பால்கனி வாசலில் டிக்கெட் கிழிக்கிற அக்காவுக்கு அந்த விசில்தான் காதில் ஈயம். அவள் புருஷன் அங்கே ஆபரேட்டராக இருந்தவன். ஒருநாள் ரீல் மாற்ற நேரமாகித் திரை நாலு நிமிஷம் வெள்ளையாகக் கிடந்தது என்பதற்காக, மறுநாளிலிருந்து முதலாளி படம் ஓடும்போது ஆபரேட்டர் அறையை வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாம் வாரம் பிலிம் பற்றிக்கொண்டது. முதலாளி கீழே ஓடினார், சாவியும் அவரோடு ஓடியது. சிகரெட் நெருப்பு, ஆபரேட்டரின் அஜாக்கிரதை என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போனார். செத்தவன் சிகரெட் வாசனைக்கே தலைவலி வந்து படுத்துக்கொள்கிறவன். ஆனால் எழுதினது எழுதினதுதான். அன்றிலிருந்து ஊருக்குள் அவள் 'அஜாக்கிரதை வீட்டம்மா' ஆனாள். ரேஷன் கடையில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அடையாளத்துக்கு. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. எரிந்த அறைக்கு முதலாளி புது இரும்புக் கதவு போட்டார். பூட்டு அதே பூட்டு.

இடைவேளையில் சோடா விற்கிற நாத்தனார் ஆறுதல் சொல்லப் பார்த்தாள். "விடுங்க அண்ணி. தினம் அத்தனை பேர் முன்னாடி அண்ணனுக்காகக் கை காட்டுறாங்களே, அது போதாதா?"

"காட்டிக் கிழிச்சான். காட்டிட்டு உடனே முற்றும்னு போர்டைப் போட்டுட்டு ஓடிடுறான். ஒரு கேள்வி கேட்டானா? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"கேக்க எங்க நேரம் அண்ணி, அதான் கடைசி ரீல் ஆச்சே."

அக்கா சோடா பாட்டிலைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷம் இது தனக்குத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது. மறுநாள் ஒரு பழைய தொப்பிக்காரர் படம். ரீல் பெட்டிகள் மாடிப்படி அடியில் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றின்மேலும் சாக்பீஸில் நம்பர். புருஷனோடு பதினெட்டு வருஷம் பெட்டி தூக்கினவள் அவள். பதினாலில் நாலைப் புறங்கையால் அழித்தாள், அது ஒன்று ஆனது. ஒன்றின் பக்கத்தில் ஒரு நாலை எழுதினாள், அது பதினாலு ஆனது. புது ஆபரேட்டர் நம்பரைப் பார்த்து மாட்டுகிறவன், படத்தைப் பார்த்து மாட்டுகிறவன் அல்ல.

மேட்னி ஆரம்பித்த எட்டாம் நிமிஷம் தொப்பிக்காரர் கையை நீட்டினார். முதலாளி கையை ஆட்டினார். 'முற்றும்' விழுந்தது. ஆனால் இன்னும் பதின்மூன்று ரீல் இருந்ததால் விளக்கு எரியவில்லை, யாரும் எழுந்திருக்கவுமில்லை. தொப்பிக்காரர் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக நகர்த்தி ஓரமாக வைத்தார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கதவைப் பூட்டினது யாரு?"

முதலாளி எழுந்து வாசலுக்கு வந்தார். அக்கா கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். "வழிய விடு!"

"நான் பூட்டல முதலாளி. சும்மா நிக்கிறேன். டிக்கெட் இல்லாம உள்ள வரக் கூடாதுன்னு நீங்கதான சட்டம் போட்டீங்க. பதில் சொல்லாம வெளிய போகக் கூடாதுன்னு இது என் சட்டம்."

"ஆபரேட்டர் பாதியில எந்திரிச்சுப் போயிடக் கூடாதுன்னுதான்..." என்று முதலாளி திரையைப் பார்த்து ஆரம்பித்தார்.

"ஏன்னு கேக்கல. யாருன்னு கேட்டேன்."

நாலாம் ரீலில் "நான்தான்" வந்தது. ஐந்தாம் ரீலில் சாவி வந்தது. நெருப்பைப் பார்த்தபோது கதவுக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு ஆறு முதல் பத்து வரை ஐந்து ரீல் பதில் இல்லை. இடைவேளை விடவில்லை, குழந்தைகள்கூட அழவில்லை. பதினொன்றாம் ரீலில் "மூணு படி" என்றார். தொப்பிக்காரர் பாக்கி ரீலை இலவச பாஸில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு ஒதுக்கினார். அன்றைக்கு எழுதினதை வாசிக்கச் சொன்னார், இன்ஸ்பெக்டர் வாசித்தார். யாருடைய அஜாக்கிரதை என்று கேட்டார். அதற்குள் அக்கா பால்கனியிலிருந்து கத்தினாள்: "அஜாக்கிரதையே இல்லய்யா! ஜாக்கிரதையாத்தான் பூட்டினான்! அப்படியே எழுது!"

அப்படியே எழுதப்பட்டது. தொப்பிக்காரர் ஓரமாக வைத்திருந்த எழுத்துகளை எடுத்துப் பழையபடி அடுக்கினார். முதலாளி அன்று சாயங்காலம் ஜீப்பில் போனார், திரும்பி வர ஏழு வருஷம் ஆனது. ஆபரேட்டர் அறைக்கு இப்போது கதவே கிடையாது. படத்தோடு மெஷின் சத்தமும் சேர்ந்து கேட்கிறது. ஊரில் அவளை இப்போது யாரும் எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அக்கா என்பதோடு சரி.

துப்பறிவாளர்கள் அவரவர் படத்துக் கொலைகாரனைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கையை நீட்டுமுன் ஒரு தடவை பால்கனி வாசலைப் பார்ப்பார்கள், அவள் தலையசைத்தால் படம் முடியும். கோபம் வருகிற நாட்களில் அவள் தலையசைப்பதில்லை, அது மாதத்தில் பாதி நாள். தொப்பிக்காரர்களும் கூலிங்கிளாஸ்காரர்களும் கையைத் தூக்கினபடியே நிற்பார்கள். ஜனங்களும் பஸ் போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள்.