பன்னிரண்டரை

மத்தியானம் பனியன் கம்பெனியில் கரண்ட் போனது. மிஷின்கள் நின்றதும் ஆளுக்கொரு வேஸ்ட் துணி மூட்டையில் சாய்ந்துவிட்டார்கள். காலையிலிருந்து செக்கிங் டேபிளில் நின்ற அனுசுயாவுக்கும் கால் கெஞ்சியது. ஆனாலும் நோட்டைத் திறந்தாள்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் நான்கு தடவை கோட்டை விட்டவள். போன வருஷம் முப்பத்து மூன்று. இன்னும் இரண்டே மார்க் வாங்கியிருந்தால் பாஸ். பாஸானால் சாம்பிள் செக்‌ஷனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இந்த ஐந்தாவது தடவையும் போனால் நோட்டை அடுப்பில் போட்டுவிடுவது என்றிருந்தாள். அவ்வளவு அலுத்துவிட்டது.

2x + 7 = 32.

கூட்டல் ஏழு அந்தப் பக்கம் போய்க் கழித்தல் ஏழானது. 2x = 25. இரண்டால் வகுத்தாள். பன்னிரண்டரை.

கை நின்றது. பதினோரு வருஷமாகப் பீஸ் பார்க்கிறவள் அவள். அரை பனியனை எந்த மகராசன் போடுவான்? அடித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே அரை. மூன்றாவது தடவை போடும்போது கரண்ட் வந்துவிட்டது. "சனியன், என்னைய விட மாட்டேங்குது" என்று பதிமூன்று எழுதிவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திருத்தியது வர்ஷினி. அனுசுயா குடியிருக்கும் லைன் வீட்டு ஓனரின் மகள், பிளஸ் டூ படிக்கிறாள்.

"ஏனுங்கக்கா, பன்னண்டரை சரிதானுங்களே. எதுக்கு அடிச்சீங்க?"

"அரை எப்பிடி வரும் பாப்பா? பாதி பீஸுன்னு ஒண்ணு இருக்கா?"

"பீஸுன்னு யாருங்க்கா சொன்னா? இது வெறும் நம்பருங்க. x இருக்கற எடத்துல போட்டுத்தான் பாருங்களே."

போட்டுப் பார்த்தாள். இரண்டு பன்னிரண்டரை இருபத்தைந்து. ஏழைக் கூட்டினால் முப்பத்திரண்டு. அப்படியே வந்து உட்கார்ந்தது.

அனுசுயாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. போன வருஷப் பரீட்சையில் ஒரு இரண்டு மார்க் கணக்கு. எல்லா ஸ்டெப்பும் எழுதி, கடைசியில் நாலரை என்று வந்தது. திருத்துகிறவர் சிரிப்பாரே என்று வெட்கப்பட்டு, ஸ்கேல் வைத்து அந்தக் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டு வந்தாள்.

"என்னங்க்கா, கண்ணெல்லாம் கலங்குது?"

பதிமூன்றை அடித்து, பக்கத்தில் பன்னிரண்டரை என்று எழுதினாள் அனுசுயா.

"போன வருசமே நான் பாஸாயிருப்பேன் பாப்பா" என்றாள்.