ஐசியின் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு

வேலுச்சாமி லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. போடிமெட்டுக்குக் கீழே சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறவனுக்குக் கொஞ்சம் சந்தேகபுத்தி வேண்டும்தான்; தான் கட்டிக்கொடுத்த மூட்டைதான் போடிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காவிட்டால் தலையில் துண்டுதான். ஆனால் இவன் ரகமே வேறு. மூட்டைக்கு மார்க்கா போடுகிற காவிச் சாயத்தால் மண்வெட்டிப் பிடிக்கும் குடைக்கும் டீ கிளாசுக்கும்கூட ஒரு பொட்டு வைத்துவிடுவான். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் கமடோர் கம்ப்யூட்டரை வாங்கிய அன்றைக்கே அதன் அடிமூடியைக் கழற்றி, உள்ளே பாட்டுச் சத்தம் போடுகிற ஐசியின் முதுகிலும் ஒரு காவிப் பொட்டு வைத்து மூடினான். பெட்டிக்குள் இருப்பதை யார் திருடப்போகிறார்கள் என்று கேட்டால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்தப் பெட்டியின் ஸ்க்ரூ ஒன்று மாறியிருந்ததை ஒரு நாள் கவிழ்த்துத் துடைக்கும்போதுதான் அவன் கண்டான். மற்றவை கருப்பு, இது மட்டும் வெள்ளை. வேலுச்சாமி உடனே மூடியைக் கழற்றிப் பார்த்தான். ஐசி இருந்தது, பொட்டும் இருந்தது. ஆனால் காவிச் சாயம் காய்ந்தால் செங்கல் மாதிரி மங்கிக் கிடக்கும். இது பளபளவென்று ரத்தச் சிவப்பாக இருந்தது. யாரோ ஐசியை மாற்றிவிட்டு, அவன் கண்ணில் மண்ணைத் தூவ ஒரு பொட்டும் வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! இந்த வட்டாரத்தில் கமடோரைத் திறந்து மூடத் தெரிந்தவன் திருப்பதி ஒருவன்தான். போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மைக்செட் கடை வைத்திருக்கிறான். அதே சிங்கப்பூர்க்காரர் கொண்டுவந்த இன்னொரு கமடோர் அவனிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலுச்சாமி தன் பெட்டியைச் சாக்கில் சுற்றி பஸ்சில் கீழே கொண்டுபோவான். காலேஜ் லேபில் வேலை பார்க்கும் கண்ணுச்சாமி தன் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவான். மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து, யார் பெட்டி ஒசத்தி என்று தொண்டை கட்டும்வரை பேசுவார்கள். மதுரையில் புதுப்புது கம்ப்யூட்டர் வந்துவிட்ட எண்பத்தெட்டாம் வருஷத்தில், இந்தப் பழைய பெட்டிகளுக்காக இப்படி மல்லுக்கு நின்றவர்கள் இவர்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"ஓட்டத்துல என் ஸ்பெக்ட்ரத்துக்குக் கிட்ட வர முடியுமாய்யா ஒங்க கமடோரு?" என்பான் கண்ணுச்சாமி.

"ஓடி என்ன செய்ய? வாயைத் தொறந்தா தவளையில்ல கத்துது" என்பான் திருப்பதி.

கமடோரில் ஒரே சமயத்தில் மூன்று குரல் வரும். அதை வைத்துத் திருப்பதி ஒரு நையாண்டி மேளம் தயார் செய்திருந்தான்: ஒரு குரல் நாயனம், ஒரு குரல் ஒத்து, ஒரு குரல் தவில். கேட்டால் கால் தானாக ஆடும். ஆனால் ஒன்றாக வந்த இரண்டு கமடோரும் ஒரே மாதிரி பாடவில்லை, அதுதான் வினை. "என்னோடதுல வர்றது சீவாளி நனைஞ்ச நாயனம் மாப்ளே. ஒன்னோடது தகரம்" என்று திருப்பதி மீசையைத் தடவிக்கொள்வான். அவனுக்கு அந்தப் பெருமை சோறு தண்ணி மாதிரி. கல்யாண வீட்டில் மைக் கட்டப் போனாலும் அதைத்தான் அளந்துகொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவன் ஐப்பசி மழைக்குப் பிறகு தன் பெட்டியை ஆன் பண்ணுவதே இல்லை. கேட்டால் பவர் சப்ளை சரியில்லை என்றான். வேலுச்சாமியின் பெட்டியோ முன்னைவிடக் கனமாகப் பாடியது. தன் பெட்டி தேறிவிட்டதாக அவனும் மாசக்கணக்கில் திருப்பதியைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தான். திருப்பதி சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டான்.

இப்போது அந்தச் சிரிப்பு வேலுச்சாமியை அரித்தது. நல்லதைக் கொடுத்துவிட்டு மட்டமானதை எவனாவது எடுப்பானா? எடுத்திருக்கிறான் என்றால், தன் ஐசியில் அவனுக்கு மட்டும் தெரிந்த ஏதோ விசேஷம் இருக்க வேண்டும். வேலுச்சாமியின் புத்திக்கு அதைத் தாண்டி ஒரு வழியும் தென்படவில்லை.

காவல்காரர் மொக்கையனைத் துருவிக் கேட்டான். "நீங்க ஒங்க அண்ணன் ஆபரேசனுக்கு மதுரை போயிருந்தீகள்ல, அப்ப மைக்செட்டுக்காரரு ஜீப்புல வந்துட்டு வெரசாப் போனாரே. ஆத்தா சொல்லலையா?" என்றார் அவர்.

ஆத்தா என்று அவர் சொன்னது வேலுச்சாமியின் மனைவி வீரலட்சுமியை. அவளிடம் கேட்டபோது, "திருப்பதி அண்ணன் இந்தப் பக்கம் ஏதோ சோலியா வந்தாக. காப்பி குடிச்சிட்டுப் போனாக" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவள் பொய் சொல்கிறாள் என்று வேலுச்சாமிக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் அவன் மனசு போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய்விட்டு வந்தது. கூட்டாளி போனானா, பெண்டாட்டியும் போனாளா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் நுழைந்ததும் அவன் உட்காரக்கூட இல்லை. தன் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, திருப்பதியின் கமடோரை மேசையில் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூவைத் திருகினான். "மாப்ளே, வேணாம்" என்று திருப்பதி கையைப் பிடித்தான். வேலுச்சாமி உதறினான். மூடி திறந்தது. ஐசியின் முதுகில் செங்கல் நிறத்தில், மங்கலாக, காவிப் பொட்டு.

"இது யாரு மார்க்கா? சொல்லு மச்சான். யாரு வீட்டு மார்க்கா?"

திருப்பதி மூடியை எடுத்து மறுபடி மூடப் பார்த்தான்.

"என் வீட்டுக் காப்பியைக் குடிச்சிட்டு என் வீட்டுலயே கைவச்சிருக்கியே, திருட்டுப்பயலே!"

டீ கொண்டுவந்த ஆள் வாசலிலேயே நின்றுவிட்டான். தெருவில் போன இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கண்ணுச்சாமிதான் நடுவில் புகுந்தான். "ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்கய்யா. அப்படி என்ன விசேஷம்னு போட்டுக் கேட்டுருவோம்" என்று பெட்டியைத் திருப்பி வைத்து, வயரை மாட்டி, மேளத்தைப் போட்டான்.

தவில் மட்டும் வந்தது. அதுவும் ஈரச் சாக்கை அடிக்கிற மாதிரி. நாயனம் வரவேண்டிய இடத்தில் உஸ்ஸென்று காற்று. ஒத்து இல்லவே இல்லை. கண்ணுச்சாமி சத்தத்தைக் கூட்டினான், காற்றுத்தான் கூடியது.

"போதும், நிப்பாட்டு" என்றான் திருப்பதி. பிறகு வேலுச்சாமியைப் பார்க்காமல் சொன்னான்: "மழையில ஒன் பெட்டிக்குப் பூசணம் பிடிச்சிருக்கு. தங்கச்சி அதைத் தூக்கி ஸ்டோர்ல, அடுப்பனல்ல ஏலக்காய் காயிற தட்டுல வச்சிருச்சு. நம்ம பக்கம் எது நனைஞ்சாலும் ஸ்டோர்லதான வைப்போம்? ராத்திரி பூரா அனல்ல கிடந்து, மறுநா போட்டா முக்கால்வாசி ஊமை. நீ வர்றதுக்குள்ள சரி பண்ணிருங்கண்ணேன்னு ஆள் விட்டுச்சு. போனேன். இந்த ஐசிக்கு நான் எங்க போக? என்னோடதைக் கழட்டி மாட்டிட்டு வந்தேன்."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?" என்றான் வேலுச்சாமி.

"சொல்லாதீங்கன்னு எங் கால்ல விழுந்துச்சு மாப்ளே."

வேலுச்சாமிக்குக் கூசிப்போயிற்று. தன் பெட்டியை எடுத்துத் திருப்ப ஆரம்பித்தான், அதிலிருக்கும் நல்ல ஐசியைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று. திருப்பதி ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டான். "தொடாத. ஐசிக் கால் ஒடிஞ்சா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிரும்." சாவிக்கொத்தை எடுத்தான். "கடை அடைக்கணும். கெளம்புங்க." அப்போது காலை மணி பத்துகூட ஆகவில்லை.

மேலே போகிற பஸ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாயத் தகரம் அவன் பூட்டி வைத்த டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது, அவன் மதுரை போயிருந்தபோது சாவியும் அவன் அரைஞாணிலேயே இருந்தது. பிறகு அந்தப் பளபளச் சிவப்பை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

வீட்டு வாசலில் வீரலட்சுமி நின்றிருந்தாள். இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தவனின் முகத்தையும் கையிலிருந்த பெட்டியையும் பார்த்தாள். அவன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் வேணும்னு செய்யலைங்க" என்றாள். "ஈரம் போகட்டும்னுதாங்க வச்சேன்."

அவள் நெற்றியில் சாந்துப் பொட்டு பளபளத்தது. அதே சிவப்பு.

ஒரு பெட்டி கெட்டதைச் சொல்வதற்குப் பயந்து, தன் சாந்துக் குப்பியைத் திறந்து கள்ள மார்க்கா வைத்துக் கொடுத்திருக்கிறாள். இந்தப் பயத்தோடுதான் இத்தனை வருஷமும் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவன் உள்ளே போய்ப் பெட்டியை மாட்டி மேளத்தைப் போட்டான். நாயனமும் ஒத்தும் தவிலும் வீடு நிறைய வந்தன.

"கிட்ட வந்து கேளு" என்றான், தன்னால் முடிந்த அளவு மெதுவாக.

அவள் வந்தாள். அவன் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று கேட்டாள்.