தர்ப்பூசணிக்காரனின் மூக்கு

நீதிமன்றத் தாழ்வாரத்தில் வக்கீல் நெவ்ரா வாங்கி வந்து நீட்டிய தேநீரை ரிஃப்கி தொடவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் சிரித்துக்கொண்டு எதையாவது நீட்டினால் முதலில் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதற்குப் பிறகு ஆயுசு பூராவும் இஸ்தான்புல்லின் சிரிப்புப் பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் போட்டுப் பிழைத்தார். பத்திரிகைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. இப்போது தெருவில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் மருந்துக்கடைக்காரன் ஒருவன்தான்.

எதிர்ப் பெஞ்சில் வெஹ்பி உட்கார்ந்திருந்தான். அதே தொழில், அதே வயசு. ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தவர்கள், பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போனார்கள். அவன் மனைவி மெலாஹத் மடியில் ஒரு துணிப்பை. கம்பளிச் சட்டை, காலுறை, மூச்சு இழுப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து. தீர்ப்பு எப்படி வரும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. சிறைக்குப் போனால் வெஹ்பியின் நெஞ்சு ஒரு குளிர்காலம் தாங்காது, அது எல்லாருக்கும் தெரியும். போன வாரம் அவள் ரிஃப்கியின் வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"சண்டைய அப்புறம் போட்டுக்குங்க அண்ணே. ஆள் இருந்தாத்தான சண்டை?"

அதற்காகத்தான் ரிஃப்கி இன்று வந்திருந்தார்.

வழக்கு இவ்வளவுதான். வெஹ்பி ஒரு படம் போட்டான், சொல்லில்லாத படம். சந்தையில் தர்ப்பூசணி விற்கிற ஒருவன். வண்டியில் குவிந்து கிடப்பது பழம் இல்லை, சனங்களின் தலைகள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று சத்தம் வருகிற தலையைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொள்கிறான். கைப்பேசிகளில் ஊர் பூராவும் ஓடியது. அது என் முகம், என்னை அவமதித்துவிட்டான் என்று ஓர் அமைச்சர் புகார் கொடுத்தார். வெஹ்பி, அது சந்தைக்காரன்தான் என்று சாதித்தான். பழைய சித்திரக்காரர் ஒருவர் வந்து, இது அமைச்சர் முகம் இல்லை என்று சொன்னால் அந்த வாதம் நிற்கும் என்பது அவனுக்காக வாதாடும் நெவ்ராவின் யோசனை. படத்தைப் பார்த்தவுடனேயே ரிஃப்கிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் பொய் சொல்ல வந்திருந்தார். அதில் அவருக்கு வெட்கமில்லை. அந்தக் கட்டடத்துக்குள் வேறு எதற்கு ஆள் வருகிறான்?

"இல்லேன்னு மட்டும் சொல்லுங்க சித்தப்பா. அதுக்கு மேல வாயத் தொறக்காதீங்க" என்றாள் நெவ்ரா.

"வாயத் தொறந்தா பொழைச்சோம் நாங்க?" என்றார்.

நீதிபதி சளிபிடித்த மனுஷர். கைக்குட்டையில் மூக்கைச் சிந்திவிட்டு, பெரியவரே உட்கார்ந்தே பேசுங்கள் என்றார். அந்த மரியாதையே ரிஃப்கிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. வாயை இறுக்கிக் காவல் காத்தார். இல்லை என்றார். தாடை வேறு, கண் வேறு என்றார். எப்படி வேறு என்று நீதிபதி கேட்டார். ரிஃப்கி வார்த்தையைத் தேடினார். படித்தவர்களிடம் அதற்கெல்லாம் பெயர் இருக்கும். அவரிடம் இல்லை.

"சும்மா வேற, வேறன்னா நான் என்னத்தப் பெரியவரே எழுதிக்கிறது?"

"ஒரு தாள் குடுங்க ஐயா" என்றார் ரிஃப்கி.

நெவ்ரா எழுந்து, தேவையில்லை என்றாள். அதற்குள் நீதிமன்றச் சேவகன் தாளையும் பேனாவையும் வைத்துவிட்டான். அமைச்சரின் நிஜ முகத்தைப் போட்டுக் காட்டிவிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தானாகத் தெரியும் என்று ரிஃப்கி கணக்குப் போட்டார். முதலில் தாடை. சந்தைக்காரனுக்கு அகலம், ஆகவே இதற்குக் கூர்மை. கண்ணையும் மாற்றினார், இடுங்கலாக. பக்கத்தில் நின்ற சேவகனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அரசு வக்கீல்கூட எட்டிப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். தான் வரைந்ததைப் பார்த்து ஒருவன் சிரித்து எத்தனை காலமாயிற்று! ரிஃப்கிக்கு உடம்பு சூடேறியது. வேண்டாததெல்லாம் போட்டார், காதோர மயிர், சட்டைக் காலருக்கு மேலே பிதுங்குகிற சதை. மூக்கை அவர் யோசிக்கவேயில்லை. கை தானாகப் போட்டது, படிக்கட்டு மாதிரி இரண்டு இடத்தில் மடிந்து இறங்குகிற மூக்கு.

நீதிபதி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு கையால் ஒரு தாடையையும் மறு கையால் இன்னொரு தாடையையும் மூடினார். கண் வேறாக இருந்தும், அதே படிக்கட்டு மூக்கோடு மிச்சமிருந்தது ஒரே மனிதன்.

அந்த மூக்குக்காகத்தான் ரிஃப்கியும் வெஹ்பியும் அன்றைக்குப் பிரிந்தார்கள். நீ திருடினாய், இல்லை நீதான் திருடினாய் என்று பத்திரிகை ஆபீசில் மைப்புட்டி பறந்தது. எந்த முகத்தை எடுத்தாலும் இரண்டு பேர் கையும் அந்த மூக்கைத்தான் போடும். நெவ்ரா அதைத்தான் சொன்னாள், இவர்கள் யாரை வரைந்தாலும் இதே மூக்கு என்று.

"அப்படின்னா எல்லாரும் யாரப் பாத்துச் சிரிச்சீங்கம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

வெஹ்பி சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, ஆளை இரண்டாக மடித்தது. மூச்சு திரும்பியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"டேய் ரிஃப்கி. இப்பவாச்சும் ஒத்துக்கடா. அது என் மூக்கு."

"உன்னுதுதான்டா" என்றார் ரிஃப்கி. "மொதல்லேருந்தே உன்னுதுதான்."

மெலாஹத் தலையைத் தூக்கவில்லை.

தீர்ப்பு மத்தியானம் என்று சொல்லிவிட்டு நீதிபதி எழுந்தார். அரசு வக்கீல் மட்டும் புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு ரிஃப்கியின் பக்கத்தில் வந்து, அமைச்சரின் இந்தப் படத்தை வரைந்தது நீங்கள்தானே, வீட்டு விலாசம் சொல்லுங்கள் பெரியவரே என்று மெதுவாகக் கேட்டார். சொன்னார். கீழே கையெழுத்தும் கேட்டார்கள். பேனா பழக்கத்தில் பத்திரிகைக் கையெழுத்தையே போட்டது, வால் சுருட்டி.

சேவகன் தாளை எடுத்துப்போய் பஞ்சிங் மிஷினில் சொருகிக் குத்தினான். ஒரு துளை வெற்றுத் தாளில் விழுந்தது. இன்னொன்று முகத்தில் விழுந்தது. வெட்டுப்பட்ட வட்டத்துண்டு, ஈரம் காயாத இடுங்கின கண்ணோடு, அவன் கறுப்பு அங்கியின் கைமடிப்பில் ஒட்டிக்கொண்டது. அவன் பார்க்கவில்லை. தாளைக் கோர்த்த கோப்புக் கட்டைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்த வழக்குக்காரர்களின் பெயரைக் கூவியபடி கதவைத் தாண்டிப் போனான்.