ஹைருன் பீவி கடையில் ஒரு கல்யாணப் பட்டு

ஐந்தருவிக்குப் போகும் பாதையில் குழல்வாய்மொழியும் அவள் கணவரும் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறார்கள். சாரல் தொடங்கி ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டதால், மாடி அறைக்கு ஒரு மர அலமாரி தேடி அவள் தென்காசியில் இருக்கும் ஹைருன் பீவியின் பழைய சாமான் கடைக்கு வந்திருந்தாள்.

நெரிசலான சந்துக்குள் இருந்தது கடை. முன்பக்கம் பழைய துணி, பின்பக்கம் சாமான்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கழித்துப்போட்ட கோட்டுகள், செங்கோட்டைப் பக்கம் இடித்த வீடுகளின் கதவுகள், ஓடாத சுவர்க்கடிகாரங்கள், பித்தளைப் பாத்திரங்கள். அலமாரிக்குப் பேரம் பேசிக்கொண்டே குழல்வாய்மொழி பட்டுச் சேலைக் குவியலைக் கிளறினாள். அரக்குக் கரை போட்ட ஒரு பச்சைப் பட்டு கையில் வந்தது. முந்தானையின் ஓரத்தில் மஞ்சள் நூலால் ஒரு சின்னப் பூ.

அந்தப் பூவைத் தைத்தவளே அவள்தான். ராயகிரியில் வாழ்க்கைப்பட்ட தங்கை முத்துசெல்வியின் முகூர்த்தச் சேலை அது. ஓமத் தீப்பொறி பட்டு விழுந்த ஓட்டையை மறைக்கத் தைத்த பூ.

"இது எங்கன இருந்து வந்துச்சுக்கா?"

"பட்டுக்கு ஊரா கேப்பாவ? வந்துச்சு" என்றாள் ஹைருன் பீவி.

"இது என் தங்கச்சி சேலை. இந்தப் பூ நான் தச்சது."

ஹைருன் பீவி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அப்பம் ஐந்தருவி அக்காங்கது நீதானா?"

"அவளுக்கு என்ன ஆச்சு?"

குழல்வாய்மொழி போனை எடுத்து அழைத்தாள். தங்கையின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஹைருன் பீவி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது சந்துக்குள் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் முத்துகுமரன், செல்வியின் கணவன்.

ஹைருன் பீவி குழல்வாய்மொழியின் கையிலிருந்த சேலையைப் பறித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பூ இருந்த முந்தானையை முழங்காலுக்கு அடியில் செருகிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"மைனி, நீங்க இங்கன என்ன பண்ணுதீய?"

"அலமாரி பாக்க வந்தேன் தம்பி. நீங்க எங்க இவ்வளவு தூரம்?"

"செல்வி உங்க வீட்டுக்கு வந்தாளா?"

"வரலையே."

அது உண்மையாக இருந்ததால் குரல் நடுங்கவில்லை.

"காலையில இருந்து ஆளக் காணும். பட்டு, பாத்திரம்னு அள்ளிட்டுப் போயிருக்கா. எங்கயாவது வித்துத்தான ஆகணும். அதான் ஒவ்வொரு கடையா ஏறி எறங்குதேன்." அவன் மெதுவாகத்தான் பேசினான். "ஆள் மட்டும் கெடைக்கட்டும் மைனி. அப்பொறம் அவ வாசல் தாண்ட மாட்டா."

அவன் பின்பக்கம் போய்ப் பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தான். சீர்ப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் அப்பா பால்வண்ணநாதன் செல்வியின் பேரை வெட்டிக் கொடுத்திருந்தார். ஒரு குடம் உருண்டது. ஒரு போணி. ஒரு தாம்பாளம். அவற்றில் செல்வி விற்றது ஏதாவது இருக்குமா என்று குழல்வாய்மொழிக்குத் தெரியாது. ஹைருன் பீவியின் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது. கத்தரிக்கோல் கரையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பாத்திரங்களை விட்டுவிட்டு அவன் துணிப்பக்கம் வந்தான். "அது என்ன சேலை?"

"சாவு வீட்டுச் சேலை." ஹைருன் பீவி நிமிரவில்லை. "சரிகைக்கு அறுக்கேன். வேணும்னா பாருங்க."

வெட்டிய துணியின் நுனியை அவனிடம் நீட்டினாள். குனிந்து தொட்டவன் கையைப் பின்னால் இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். கல்யாணத்தன்று, நானே போய் எடுத்த சேலை என்று பந்தலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன்.

"செல்வி வந்தா எனக்குப் போன் போடுங்க. பஸ் ஸ்டாண்டு வாசல்லதான் நிப்பேன்."

பைக் சத்தம் தேய்ந்த பிறகு ஹைருன் பீவி ஷட்டரைப் பாதி இறக்கினாள். "மாடியில இருக்கா. போ."

துணி மூட்டைகளுக்கு நடுவே செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது காது வீங்கிக் கறுத்திருந்தது. அக்காவைக் கண்டதும் அவள் எழுந்திருக்கவில்லை.

"திருப்பிக் கொண்டு விட வந்தியா?"

முன்பு அவள் அடி தாங்காமல் வந்தபோதெல்லாம் பெரியவர்கள் பேசித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். குழல்வாய்மொழி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லட்டி. எங்க போகணும்னு சொல்லு."

கேரளாவில், புனலூரில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கும் தோழி நிர்மலாதேவி அங்கேயே வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். எல்லையில் இருக்கும் புளியறை போய்விட்டால் பஸ் ஏறிவிடலாம். ஆனால் சந்திலிருந்து வெளியேற பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

ஹைருன் பீவி இரண்டு மழைக்கோட்டுகளைக் கொண்டுவந்தாள். அருவிக்கு வந்தவர்கள் விட்டுப்போனவை, ஆண்கள் போடுகிறவை. "என் வண்டிய எடுத்துட்டுப் போ. உன் வண்டி வாசல்ல நிக்கட்டும், நீ உள்ளதான் இருக்கேன்னு நெனப்பான். ஹெல்மெட்ட ரெண்டு பேரும் கழட்டாதிய."

சாரல் வலுத்திருந்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நிற்க, வண்டிகள் எல்லாம் நின்றுபோயின. டீக்கடை ஓரத்தில் நின்றிருந்த முத்துகுமரன் போனைக் காதில் வைத்தபடி வண்டிகளுக்கு இடையே நடந்து வந்தான். கை நீட்டினால் தொடும் தூரம். செல்வியின் விரல்கள் அக்காவின் இடுப்பில் அழுந்தின.

அப்போது குழல்வாய்மொழியின் கோட்டுக்குள் போன் அடித்தது.

அவன்தான் அழைக்கிறான். அவன் நின்றான். காதிலிருந்து போனை எடுத்துத் திரையைப் பார்த்தான். குழல்வாய்மொழியால் கைப்பிடியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. பின்னால் இருந்து செல்வியின் கை கோட்டுக்குள் நுழைந்து, தடவி, போனை அழுத்தி நிறுத்தியது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. முத்துகுமரன் தலையைத் திருப்பி பஸ்ஸை முறைத்தான். லாரி நகர்ந்தது. குழல்வாய்மொழி ஆக்ஸிலரேட்டரைத் திருகினாள்.

செங்கோட்டை தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. புளியறையில் லாரிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் ஏறினார்கள். செல்வி தலை நிமிராமல் புரோட்டா தின்றாள். நேற்றிலிருந்து அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை குழல்வாய்மொழி எடுத்தாள்.

"செல்வி என்கூடத்தான் இருக்கா. இனி வரமாட்டா. ஏதாவது பேசணும்னா போலீஸ் ஸ்டேஷன்ல வச்சுப் பேசுங்க."

"ஒங்க விடுதி எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும் மைனி."

"தெரியட்டும். நான் எங்கயும் ஓடிப்போகல."

போனை வைத்த வேகத்தில் டம்ளரில் கை பட்டது. டீ தளும்பி மேசையில் சிந்தியது. செல்வி அதைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"அக்கா, நீ தனியாப் போகணுமே."

"அத்தானுக்குப் போன் போட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுதேன். நேரா அங்கதான் போறேன். நீ காதக் காட்டு."

வீங்கிய காதை அவள் நாலைந்து படம் எடுத்துக்கொண்டாள். புனலூர் பஸ் வந்தது. செல்வி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பஸ் செக்போஸ்ட்டைத் தாண்டி வளைவில் மறையும்வரை நின்றிருந்த குழல்வாய்மொழி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியைத் தென்காசிப் பக்கம் திருப்பினாள்.