மாமாவின் நல்ல படம்

காலை ஒன்பதரைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தால் வாசல் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. மாமனாரைக் காணோம். அவருக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பெயர் கேட்டால் சொல்லுவார், தெரு கேட்டால் சிரிப்பார். தெரு முக்கு வரை ஓடித் தேடிவிட்டுக் கணவருக்குப் போன் செய்தேன். அவர் வேலையைப் போட்டது போட்டபடி போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பினார். அப்பாவின் நல்ல படமாக ஒன்று அனுப்பச் சொன்னார்.

படத்துக்கா பஞ்சம்? என் போனில் ஆறாயிரம் கிடக்கிறது. நாலு வாரம் வகுப்புக்குப் போய்ப் படித்தவள் நான். லென்ஸைத் துடைத்து, ஆளை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, சாப்பிட உட்கார்ந்தவர்களைக் கூட எழுப்பிப் படுத்தி எடுப்பேன். வீட்டில் எனக்குக் கேமராக்காரி என்றே பெயர். மாமா மட்டும் முணுமுணுக்காமல் சொன்ன பக்கம் திரும்புவார்.

ஜன்னல் வெளிச்சத்தில் லேசாகச் சிரிக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்துக் கணவருக்கு அனுப்பிவிட்டு, 'காணவில்லை' என்று எழுதி, நம்பரும் போட்டு, இருக்கிற குரூப் அத்தனையிலும் தட்டிவிட்டேன். அரை மணியில் எண்ணூறு பேர் பகிர்ந்தார்கள். என்ன களையான முகம் என்றார் ஒருவர். எந்தப் போனில் எடுத்தது என்று கேட்டார் இன்னொருவர். சொல்லவே கூசுகிறது, அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கணவர் மறுபடி கூப்பிட்டார். அங்க அடையாளம் எழுதிய போலீஸ்காரர் படத்தைப் பார்த்துவிட்டுச் சந்தேகம் கேட்டாராம்.

"மூக்குல இருக்கிற மரு எங்கே?"

"அழிச்சிட்டேங்க."

மூக்கு நுனியில் பட்டாணி அளவு மரு. பார்க்கிறவர் கண் நேரே அங்கேதான் போகும். அதனாலேயே ஒவ்வொரு படத்திலும் விரலால் ஒரு தேய்ப்பு. போனில் இடம் போதாமல் அசலையும் வைத்துக்கொள்வதில்லை. ஆறாயிரத்தையும் சலித்தேன், மருவோடு ஒன்று கூடத் தேறவில்லை.

அலமாரியைக் குடைந்து அவருடைய பழைய அடையாள அட்டையைத் தேடிப் பிடித்தேன். மங்கல் படம்தான், ஆனால் மரு இருந்தது. மூக்கில் மரு உண்டு, முதல் படத்தை நம்பாதீர்கள் என்று எழுதி அதைப் போட்டேன். பதினொரு பேர் பகிர்ந்தார்கள். நல்ல படமோ ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. என் முதல் பதிவை நீக்கிப் பார்த்தேன். ஊரெல்லாம் அதை எடுத்து வைத்துக்கொண்டு தாங்களே போட ஆரம்பித்திருந்தார்கள். எத்தனை பேர் காலில் விழுந்து நிறுத்தச் சொல்வது?

நாலு மணிக்குப் பஸ் நிலையத்தில் பழக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் கூப்பிட்டார். மரு பற்றி நான் எழுதியதை அவர் மகள் அப்போதுதான் காட்டினாளாம். மத்தியானம் ஒரு பெரியவர் கடை முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"உங்க படத்தப் பக்கத்துலயே வச்சுப் பாத்தேம்மா. கண்ணு, நெத்தி எல்லாம் அதேதான். மூக்குல மரு இருந்துச்சு. சரி, அவர் இல்லன்னு விட்டுட்டேன்."

"இப்ப எங்கம்மா இருக்கார்?" என்றேன்.

"எங்க போகணும்னு கேட்டேன், வீட்டுக்குன்னார். மொதல்ல வந்த பஸ்ஸக் காட்டி, இதுதான்னார். நான்தாம்மா கையப் புடிச்சு ஏத்திவிட்டேன்."