வாளையாறு தாண்டி ஒரு வீடு

வீட்டுக் கடனுக்காக விசாரிக்க வங்கியிலிருந்து ஆள் வருகிற நேரத்தைக் குருசாமிதான் குறித்துக் கொடுத்திருந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல். அந்நேரம் முதலாளி தரணீதரன் சாயப்பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். கம்பெனியில் கணக்குப் பார்க்கிற அம்மா மட்டும் இருப்பார். 'ஆமாம், இங்கேதான் வேலை பார்க்கிறார்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும்.

குருசாமி சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனிக்குக் கட்டிங் மாஸ்டராக வந்து ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் அவன் மனைவி அபிராமிக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு மருத்துவமனையில் லேப் வேலை கிடைத்தது. வாளையாறு தாண்டியதும் கேரளாவுக்குள் இருக்கிறது அந்த ஊர். விடியுமுன் ரயிலேறுவாள், இருட்டிய பிறகு வருவாள். மகள் அம்மாவை முழுசாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் வரிசையாகப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றைப் பிடித்துவிட்டால் அபிராமி நடந்தே வேலைக்குப் போய்விடலாம், இனி ரயிலேறி வந்து போகிற பாடு தனக்கே இருக்கட்டும் என்று குருசாமி சொன்னான். வீடு கட்டுகிறவர் கறாராக இருந்தார். சனிக்கிழமைக்குள் கடனுக்கு வங்கியின் முன் அனுமதிக் கடிதம் வந்தாக வேண்டும். வராவிட்டால் வீடு வேறு ஒருவருக்கு.

இதில் எதையும் அவன் முதலாளியிடம் சொல்லவில்லை. அவனுக்கு முன்னால் இருந்த இரண்டு மாஸ்டர்களும் சொல்லாமல் கொள்ளாமல் போனவர்கள். வீடு வெளியூரில் என்றாலே இவனும் கிளம்பிவிட்டான் என்றுதான் தரணீதரன் நினைப்பார்.

"சொல்லிருங்க. வேற ஆள் வாயில இருந்து கேட்டா அவருக்கு மனசு விட்டுப் போகும்" என்றாள் அபிராமி.

"கடிதம் கைக்கு வரட்டும், சொல்லுதேன்."

வங்கிப் பெண் வியாழக்கிழமை வெயில் ஏறுகிற நேரத்திலேயே வந்துவிட்டாள்.

குருசாமி துணி அடுக்கைப் பாதி வெட்டியிருந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் நின்று விசாரிப்பது தெரிந்தது. எதிரே நின்றது தரணீதரன். மெஷின் இரைச்சலில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. அவள் ஏதோ கேட்டாள். அவர் சிரித்தபடி தலையாட்டினார். அவள் மறுபடி ஏதோ கேட்டாள். இந்தத் தடவை அவர் தலையாட்டவில்லை. திரும்பிக் கட்டிங் மேசையைப் பார்த்தார்.

மின்கத்தி கோட்டை விட்டு நூலளவு விலகியது. குருசாமி சட்டென்று சுவிட்சை அணைத்தான்.

துணியைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாள் நாச்சிமுத்து, "என்னங்க மாஸ்டர், மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்றான்.

பதில் சொல்வதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

அறையில் தரணீதரன் உட்காரவில்லை. வங்கிப் பெண்ணின் அட்டையில் சித்ரகலா என்று இருந்தது.

"பாலக்காட்டுப் பக்கம் ஊடு வாங்கறீங்களாமா. இவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுதுங்க" என்றார் தரணீதரன். குரல் உயரவில்லை. அதுதான் குருசாமிக்குப் பயமாக இருந்தது.

"தொடர்ந்து இங்கதான் வேலை பார்ப்பாரான்னு கேட்டேன் சார்" என்றாள் சித்ரகலா.

"அத அவருகிட்டயே கேளுங்க."

ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். குருசாமி முதலாளியைப் பார்த்துத்தான் பேசினான்.

"ரயில்ல வந்து போகணும்னு இருக்கேன் மொதலாளி. முடியும்னுதான் தோணுது. முடியாமப் போச்சுன்னா உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவேன். இப்ப சொல்லாம இருந்தது தப்புதான். நீங்க வேற ஆளப் பாத்துருவீங்களோன்னு பயந்துட்டேன்."

சித்ரகலா பேனாவை மூடித் திறந்தாள்.

"ஆறு வருசமா இருக்காருங்க. சம்பளம் அவரு குடுத்திருக்கறது சரிங்க. வேலைல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க. நாளைக்கு நடக்கறதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதுங்க" என்றார் தரணீதரன்.

"இன்னிக்கு இருக்கறது தெரிஞ்சாப் போதும் சார்" என்று அவள் எழுதிக்கொண்டு போனாள்.

கதவு மூடியதும் தரணீதரன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திங்கக்கெழமையிலிருந்து நாச்சிமுத்துவுக்கு வெட்டறதுக்குக் கத்துக் குடுங்க மாஸ்டர். அரைகொறையா இல்லீங்க, முழுசா. கோவத்துல சொல்லலீங்க. எனக்கும் கம்பெனி ஓடோணுமில்லீங்களா?"

"சரிங்க மொதலாளி."

"பணம் குடுக்கறதுக்கு முன்னால பேங்குல மறுக்காவும் கேப்பாங்க. அன்னிக்கு நீங்க இங்க இருந்தீங்கன்னா இதையேதான் சொல்லுவேன்."

அன்றும் மறுநாளும் முதலாளி வழக்கம்போலத்தான் பேசினார். ஆனால் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. சனிக்கிழமை உச்சிவேளையில் கடிதம் வந்தது. வீடு கட்டுகிறவருக்கு அனுப்பிவிட்டதாக அபிராமி போனில் சொன்னாள். கடிதம் வரட்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த நாச்சிமுத்து விஷயத்தைக் குருசாமி அப்போதே சொன்னான்.

அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீங்க ஒளிச்சீங்க. அவரு ஒளிக்காம மொகத்துக்கு நேரா சொல்லியிருக்காரு. இதுல நாம என்ன கொற சொல்ல?" என்றாள்.

திங்கட்கிழமை நாச்சிமுத்து முதன்முதலாகக் கத்தியைப் பிடித்தான். அவன் வெட்டிய கழுத்துத் துண்டுகள் கோணல்மாணலாக வந்தன. பார்த்ததும் குருசாமிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மறுகணமே அந்த நிம்மதி அவனுக்குக் கூசியது. நாச்சிமுத்துவின் பின்னால் போய் நின்று, இடது கையை எடுத்துத் துணிமேல் சரியான இடத்தில் வைத்தான்.

"இங்க அழுத்திப் பிடி. மெஷினத் தள்ளாத, அது போற போக்குல போ" என்றான்.