ஒன்பது கிலோமீட்டர்

நாற்காலித் தொழிற்சாலைக்கு மரம் தரும் பதினோரு பட்டறைகளுக்கும் மதிப்பெண் போடுவது ஸ்மரந்தாவின் வேலை. காடு வெட்டிய இடத்தில் கன்று நட்டார்களா, ஆட்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் போகிறதா, லாரி எவ்வளவு டீசல் எரிக்கிறது. எழுபதுக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு அந்தப் பட்டறையிடம் தொழிற்சாலை மரம் வாங்காது.

இலாரியோனின் பட்டறைக்கு அறுபத்தெட்டுதான் வந்தது. அவனுக்கு வேறு பெரிய வாடிக்கையாளர் கிடையாது. ஆறு பேர் அவனை நம்பி இருந்தார்கள்.

அவனுக்கும் ஸ்மரந்தாவுக்கும் விவாகரத்தாகி மூன்று ஆண்டுகள். "உன் பழைய வீட்டுக்காரருக்கு நீயே மார்க் போடறியே, கை நடுங்கலையா?" என்று மேலாளர் ஸம்ஃபிரா கேலி செய்வாள். நடுங்கியதில்லை. இன்றும் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தாள். மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. டீசல்தான் மார்க்கைக் கீழே இழுத்தது. லாரி ஒவ்வொரு செவ்வாயும் ஒன்பது கிலோமீட்டர் சுற்றி வருகிறது. ஓரிடத்தில் பன்னிரண்டு நிமிடம் நிற்கிறது.

லாரி போன வழியைக் காட்டும் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கினாள். அவள் வீட்டுத் தெரு.

காலை ஆறே முக்காலுக்குக் கேட்கும் அந்த இன்ஜின் சத்தத்தை இதுவரை பால் வண்டி என்றே நினைத்திருந்தாள்.

இலாரியோனுக்குப் போன் செய்தாள். சுற்றுக்குக் காரணம் எழுத வேண்டும் என்றாள். ரோடு சரியில்லை என்று எழுதச் சொன்னான். போன வருஷமே ரோடு போட்டாயிற்று என்றாள்.

"அப்போ டிரைவர் மடையன்னு எழுதிக்கோ. லாரிய ஓட்டறதே நான்தான்."

"இலாரியோன், என்னத்துக்கு அங்க நிக்கற?"



"உன் புகைக்கூண்டுல புகை வருதான்னு பாப்பேன். வந்ததும் கெளம்பிடுவேன். தனியா இருக்கற, ஒண்ணுன்னா யாருக்குத் தெரியும்?"

உள்ளே வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தாள். திரையில் அறுபத்தெட்டு என்றிருந்தது.

"இனிமே நேரா தொழிற்சாலைக்கு வா. சுத்து நின்னாத்தான் மார்க் ஏறும்."

"சரி," என்றான். மறுத்துப் பேசுவான் என்று எதிர்பார்த்திருந்தாள்.

அடுத்த செவ்வாய் அவள் அடுப்பு மூட்டவில்லை. ஏழு மணி வரை கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். தெருவில் பனி உறைந்து கிடந்தது. எந்த வண்டியும் வந்து நிற்கவில்லை.

அலுவலகத்தில் வரைபடத்தைத் திறந்தாள். லாரி வந்த வழி எங்கும் வளையாமல் நேராக இருந்தது. சுற்றை நீக்கிக் கணக்கை மறுபடி போட்டாள். எழுபத்திரண்டு. ஸம்ஃபிரா எட்டிப் பார்த்து, "தப்பிச்சுட்டாரு மனுஷன்," என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினாள் ஸ்மரந்தா. கோட்டைக் கழற்ற அவளுக்குத் தோன்றவில்லை.